காக்காய்ப்பொன்னில் வரைந்த திருச்சி: பெயர் எழுதாத அலங்காரக்காரர்கள்

லண்டன் அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியல்ல திருச்சியோட பழைய ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்க. சின்னச் சின்ன வண்ணப் படங்கள் வரும். பல்லக்கு தூக்கிகள், குடம் சுமக்கும் பெண், நாட்டியக்காரி, பண்டாரம், யானை மேல் அம்பாரி, கோயில் ஊர்வலம், முஹர்ரம் ஊர்வலம், விஷ்ணு, சிவன், பிள்ளையார். பளீரென்ற சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். எல்லாம் காகிதத்தில் வரைந்தவை அல்ல. மைக்கா என்கிற அப்பிரகத் தகட்டில் வரைந்தவை.

படத்தின் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள். ஊர்: திருச்சிராப்பள்ளி. காலம்: சுமார் 1850, சுமார் 1860 என்று ஏதோ ஒன்று. ஓவியர்: தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியது. வீட்டு அலங்காரம், வண்ணமயமான பொம்மை, சுவரில் மாட்டும் வேடிக்கையான படம் என்று பேசும்போதெல்லாம் இன்று ‘டிசைனர் யார்?’ என்று கேட்கிறோம். குஷன் உறையில்கூட ஒரு பெயர் தைத்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு ஊரே கப்பல் ஏறிப் போகும் அலங்காரப் பொருளைச் செய்திருக்கிறது. அதைச் செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தப் பட்டியல்களில் இல்லையே, ஏன்?

காக்காய்ப்பொன்

முதலில் பொருளைப் பார்ப்போம். மைக்காவை நம்ம பக்கம் காக்காய்ப்பொன் என்று சொல்வதுண்டு. மண்ணில் கிடந்து மினுமினுக்கும். பொன் என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம். இந்தக் கனிமம் ஒரே திசையில் ஏடு ஏடாகப் பிரியும். கத்தி நுனியால் நெம்பினால் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தகடாக வரும். நல்ல ரகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், வளையும், தீயில் எரியாது. ரஷ்யாவில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தியதால்தான் ‘மஸ்கோவி கண்ணாடி’ என்ற பெயர் வந்தது. ‘மஸ்கோவைட்’ என்ற கனிமப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

இந்தத் தகட்டில் கனமான நீர்வண்ணத்தால் வரைந்தார்கள். காகிதம் வண்ணத்தைக் கொஞ்சம் உறிஞ்சி மங்க வைக்கும். மைக்கா உறிஞ்சவே உறிஞ்சாது. அதனால் வண்ணம் அப்படியே மேலே நிற்கும், பளிச்சென்று. படம் இல்லாத இடமெல்லாம் கண்ணாடி போல் தெரிவதால் உருவம் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். ஆனால் இதே குணம்தான் அதற்கு எமனும்கூட. பிடிப்பு இல்லாத வண்ணம் காலப்போக்கில் செதில் செதிலாக உதிரும். தகடும் ஓரங்களில் ஏடு பிரியும். இன்று அருங்காட்சியகங்களில் இவற்றைப் பராமரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்.

இந்த வகை ஓவியம் திருச்சியில் மட்டும் நடக்கவில்லை. முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களிலும் செய்தார்கள். இந்தியா ஆபீஸ் நூலகத்தின் ‘கம்பெனி ஓவிய’ங்களைப் பட்டியலிட்ட மில்ட்ரெட் ஆர்ச்சர், முஹர்ரம் ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் விளக்குகளுக்கும் தாஜியாக்களுக்கும் மைக்கா தகட்டில் வண்ணம் தீட்டும் வழக்கத்திலிருந்து இந்தத் தொழில் கிளைத்திருக்கலாம் என்று கருதினார். யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. உள்ளே விளக்கு, வெளியே எரியாத தகடு, அதில் வண்ணம். திருவிழா அலங்காரமாக இருந்தது பிறகு வீட்டு அலங்காரமாக மாறியிருக்கிறது. தென்னிந்தியாவில் அதன் பெரிய மையம் திருச்சி.

ஏன் திருச்சி?

வாடிக்கையாளர் இருந்த இடத்தில் கடை இருந்தது, அவ்வளவுதான். 1750-களின் கர்நாடகப் போர்களில் திருச்சிக் கோட்டையைச் சுற்றித்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முட்டி மோதினார்கள். 1801-ல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் கம்பெனி கைக்கு வந்த பிறகும் திருச்சி பெரிய ராணுவ முகாமாகவே நீடித்தது. கன்டோன்மென்ட் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பகுதி. படையில் இருக்கும் அதிகாரிக்குச் சில வருடத்தில் இடமாற்றம். பிறகு ஒருநாள் ஊர் திரும்புதல். போகும்போது இந்தியாவில் பார்த்ததையெல்லாம் அம்மாவுக்கும் அத்தைக்கும் காட்ட ஏதாவது வேண்டும். பெரிய எண்ணெய் வண்ணப் படத்துக்குக் காசும் இல்லை, பெட்டியில் இடமும் இல்லை. கண்ணாடி ஓவியம் என்றால் கப்பலில் உடையும்.

மைக்கா படம் உடையாது, கனக்காது. ஒரு கட்டை அப்படியே பெட்டிக்குள் வைக்கலாம். தொகுப்பாகத்தான் விற்றார்கள்: தொழில்கள் ஒரு தொகுப்பு, தெய்வங்கள் ஒரு தொகுப்பு, வேலைக்காரர்கள் ஒரு தொகுப்பு, வாகனங்கள் ஒரு தொகுப்பு. இன்னிக்கு ஃப்ரிட்ஜ் காந்தம் வாங்கிட்டுப் போறோமே, அந்த மாதிரி. ஊருக்குப் போனதும் ஆல்பத்தில் ஒட்டினார்கள், சட்டம் போட்டு வைத்தார்கள், விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விளையாட்டு வகை. இந்தியாவில் செய்த மைக்கா தொகுப்புகளில் சிலவற்றில் ஒரு அட்டையில் முகமும் பின்னணியும் மட்டும் வரைந்திருக்கும். கூடவே வரும் மைக்கா தகடுகளில் முகம் இருக்காது; உடை, நகை, தலைப்பாகை மட்டும் இருக்கும். தகட்டை அட்டை மேல் வைத்தால் அதே முகம் சிப்பாயாகும். தகட்டை மாற்றினால் துபாஷியாகும். ஐரோப்பாவிலும் 17-ஆம் நூற்றாண்டிலேயே சிறு உருவப் படங்களுக்கு இப்படி மைக்கா உடை மாற்றும் விளையாட்டு இருந்தது. இது வெறும் ‘நினைவுப் பொருள்’ இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, முகம் எந்த இடத்தில் வரவேண்டும், எல்லா உடையும் அந்தக் கழுத்தில் பொருந்துமா என்று அளந்து யோசித்திருக்கிறார். நம்ம காலத்துச் சொல்லில் சொன்னால் அது டிசைன்.

வரைந்தவர்கள் யார்?

தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பலகைப் படம் வரைந்தவர்கள் பெரும்பாலும் ராஜுக்கள் என்றும், மதுரையில் நாயுடுக்கள் என்றும் ஓவிய வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். கம்பெனி ஆவணங்களில் ‘மூச்சி’ என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் முச்சியர். தோல் வேலை, உறை செய்வது, வண்ணம் தீட்டுவது எல்லாம் அந்த ஒரே பெயருக்குள். மதராஸ் அரசு அலுவலகங்களில் பேனா சீவி, மை கலந்து, புத்தகம் பைண்டு செய்யும் ஊழியருக்கும் அதே பெயர்தான். அதாவது ஆங்கிலேயர் கண்ணில் படம் வரைபவரும் புத்தகத்துக்கு அட்டை போடுபவரும் ஒரே வரிசை. கலைஞர் என்று ஒரு தனி வரிசை அங்கே இல்லை.

இன்னொரு காரணம் பொருளிலேயே இருக்கிறது. மைக்கா தெளிவானது. ஒரு மாதிரிப் படத்தின் மேல் தகட்டை வைத்தால் கோடுகள் அப்படியே தெரியும். ஒரே பல்லக்கு, ஒரே குடக்காரி தொகுப்புக்குத் தொகுப்பு திரும்ப வருவதைப் பார்க்கும்போது, பட்டறையில் மாதிரி வைத்துத்தான் வரைந்தார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. அப்படி வரும் பொருளில் ‘இது என் படம்’ என்று ஒருவர் கையெழுத்துப் போடுவது எப்படி? வாங்குபவருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் வாங்கியது ஓவியரின் திறமையை அல்ல. ‘இந்தியாவின் தொழில்கள் 12’ என்ற தலைப்பை.

விந்தை என்னவென்றால், படத்துக்குள் இருக்கும் ஆளுக்கு ஒரு முத்திரை கிடைத்தது. படத்தின் அடியில் ஆங்கிலத்தில் ‘தட்டான்’, ‘செம்மான்’, ‘வண்ணான்’ என்று சாதியும் தொழிலும் எழுதி வைத்தார்கள். படத்தை வரைந்தவருக்கு அதுவும் இல்லை.

உள்ளூர் வீட்டுச் சுவர்

இதே காலத்தில் நம்ம வீட்டுச் சுவர் எப்படி இருந்தது? கூடத்திலும் பூஜை அறையிலும் பலகைப் படம். இன்று தஞ்சாவூர் ஓவியம் என்கிறோமே, அதன் பழைய பெயர்தான் இது. மரப்பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவை பூசி, நகை வரும் இடத்தைப் புடைப்பாக எடுத்து, கண்ணாடிக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம். கொழுகொழுவென்று தவழும் வெண்ணெய்க் கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்ணு, சின்ன வாய், தலைகாணி மாதிரி கை. அதில் ஒரு குறும்பு இருக்கு. இருட்டுக் கூடத்தில் குத்துவிளக்கு வெளிச்சம் பட்டால் தங்கம் மட்டும் தனியாக அசையும்.

அதற்கு வசதி இல்லாதவர்களுக்குக் கண்ணாடிப் படம். சீனாவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த உத்தி. கண்ணாடியின் பின்பக்கத்தில் தலைகீழ் வரிசையில் வரைய வேண்டும். காகிதத்தில் கடைசியாக வைக்கும் கண்மணி, மூக்குத்தி, நகைக்கோடு எல்லாம் இங்கே முதலில். அதன் மேல் முகத்தின் நிறம், அதன் மேல் உடை, கடைசியில்தான் பின்னணி. ஒரு முறை தப்பு செய்தால் திருத்த முடியாது. இதைச் செய்தவர்களும் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை.

ஆனால் இரண்டு பெயரின்மையும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பலகைப் படம் செய்யச் சொன்ன குடும்பத்துக்கு, செய்தவரைத் தெரியும். எந்தத் தெரு, யார் மகன், முன்பு யார் வீட்டுக்குச் செய்தார் என்று தெரியும். அடுத்த படத்துக்கும் அவரையே கூப்பிடுவார்கள். பெயரை எழுத வேண்டிய அவசியம் இல்லை, வாயில் இருந்தது. மைக்கா படம் கப்பல் ஏறியதும் அந்த வாய்வழிச் சங்கிலி அறுந்துவிட்டது. எழுதாத பெயர் 5,000 மைல் தாண்டித் தொலைந்தது.

பழைய கண்ணாடிப் படம் யார் வீட்டிலாவது இருந்தால் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். அது பெரும்பாலும் ஃப்ரேம் போட்ட கடையின் சீட்டு. சட்டம் அடித்தவர் பெயர் இருக்கும், படம் போட்டவர் பெயர் இருக்காது!

வெள்ளை ஸ்ரீரங்கம்

வண்ணத்துக்கு நேர் எதிரான ஒரு பொருளும் இந்த ஊரின் கப்பல் சரக்கில் இருந்தது. நெட்டி வேலை. சதுப்பு நிலத்திலும் ஏரியிலும் வளரும் ஒரு செடியின் தண்டு. வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்குப் போட்ட தொப்பி இந்தச் செடி வகையிலிருந்துதான். மேல்தோலைச் சீவி எடுத்தால் உள்ளே தந்தம் போன்ற வெள்ளை. கூர்மையான கத்தியால் நறுக்கி, சின்னச் சின்னத் துண்டாக ஒட்டி, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கோயில்களைச் செய்தார்கள். மலைக்கோட்டை, பெரிய கோயில், ஸ்ரீரங்கம் கோபுரம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆங்கிலேயரின் அரசுக் கையேடுகள் திருச்சியைப் பற்றிச் சொல்லும்போது சுருட்டு, நகை வேலைகளோடு இந்த நெட்டி மாதிரிகளையும் சேர்த்துச் சொல்கின்றன.

ஒரு கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் எண்ணி, அளவு குறைத்து, கட்டை விரல் நகம் அளவு துண்டில் மாடம் செதுக்கியவருக்குக் கோயில் கட்டடக்கலை தெரியாமலா இருந்திருக்கும்? அவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் புவிசார் குறியீடு பாதுகாப்பது ஊர்ப்பெயரை. ஆள் பெயர் அதன் வேலை இல்லை.

கேமரா வந்தது, வண்ணம் தாங்கியது

1858-ல் மதராஸ் அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. மலைக்கோட்டை, தெப்பக்குளம், கோபுரங்கள் என்று இன்றும் பார்த்தால் மூச்சு நிற்கும் படங்கள். ஆனால் பழுப்பு நிறம். வண்ணம் இல்லை. டிரைப் ஸ்ரீரங்கத்தைப் படம் எடுத்த அதே ஆண்டுகளில்தான் திருச்சியின் மைக்கா படங்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. கேமராவால் கொடுக்க முடியாத சிவப்பை முச்சியர் கொடுத்தார்.

மைக்காவை ஓரங்கட்டியதில் அச்சு வண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மனியிலிருந்து சாமி படங்கள் வந்தன. 1894-ல் ரவி வர்மா பம்பாயில் தன் அச்சகத்தைத் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். பிறகு சிவகாசி காலண்டர். வெளிநாட்டவருக்கோ படம் போட்ட தபால் அட்டை வந்தது. மைக்கா மட்டும் வேலை இழக்கவில்லை. அடுப்பு ஜன்னலுக்கும் மின்சாதனங்களுக்கும் போனது. நெல்லூர்ச் சுரங்கங்களின் மைக்கா வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது, படம் இல்லாமல்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அச்சு வந்ததும் பெயரும் வந்தது. ரவி வர்மா பெயர் படத்தில் இருந்தது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு (1898–1976) காலண்டர் படங்களில் கையெழுத்திட்டார். தமிழ்நாட்டின் பாதி வீடுகளில் சுவரை அலங்கரித்த மனிதர் அவர் என்று நமக்குத் தெரிவதற்கு ஓரத்தில் இருந்த அந்தச் சின்னக் கையெழுத்தும் ஒரு காரணம். ஒரு மூலப் படத்திலிருந்து ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கும்போதுதான் மூலத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் தேவைப்படுகிறார். ஒவ்வொன்றையும் கையால் வரைந்த திருச்சிக்காரருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தலைகீழ் நியாயம்!

பெயர் எழுதிய சிலர்

அந்தக் காலத்தில் யாருமே பெயர் எழுதி வைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு உதாரணம்.

ஒன்று, வேலூர் எல்லப்பா. 1830-களில் அவர் தன்னையே வரைந்த படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, வண்ணக் கிண்ணங்களோடு, வேலை செய்துகொண்டிருக்கும் எல்லப்பா. 2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் வில்லியம் டால்ரிம்பிள் ஏற்பாடு செய்த கம்பெனி ஓவியக் கண்காட்சியில் அது இடம்பெற்றது. பெயரும் முகமும் சேர்ந்து கிடைத்த அபூர்வம்.

இரண்டாவது, ரங்கையா, கோவிந்து. ஸ்காட்லாந்துக்காரரான தாவரவியலாளர் ராபர்ட் வைட் தென்னிந்தியாவில் வேலை பார்த்தபோது அவருக்காகச் செடிகளை வரைந்த ஓவியர்கள். நூற்றுக்கணக்கான படங்கள். வைட் அவர்கள் பெயரைப் பதிவு செய்தார். அதோடு நிற்கவில்லை, 1853-ல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்து ‘கோவிந்தூயா’ என்று வெளியிட்டார். பின்னாளில் தாவரவியலாளர்கள் அதை வேறு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள், அது வேறு கதை. ஒரு தமிழ்நாட்டு ஓவியரின் பெயர் லத்தீன் வடிவத்தில் அறிவியல் நூலில் ஏறியது என்பதே பெரிது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது: பெயர் எழுதும் வழக்கமே அன்று இல்லை என்ற சமாதானம் எடுபடாது. வாங்கியவர் விரும்பினால் எழுத முடிந்தது. செடியை வாங்கியவர் எழுதினார். அலங்காரத்தை வாங்கியவர் எழுதவில்லை. அலங்காரம் என்பது யாருடைய சிந்தனையும் இல்லாமல் தானாகவே கையிலிருந்து வருவது என்ற எண்ணம் அங்கே இருந்தது. நம்மிடமும் இன்றுவரை இருக்கிறது.

அதே நேரம் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். 1851 மாபெரும் கண்காட்சிக்கு இந்தியப் பொருள்கள் குவியலாகப் போயின. அந்தக் கண்ணாடி மாளிகையின் உட்புற வண்ணத் திட்டத்தைச் செய்தவர் ஓவன் ஜோன்ஸ். இந்திய நெசவிலும் அலங்காரத்திலும் வண்ணங்கள் ஒன்றோடொன்று இசைந்து போவதைப் பார்த்து அசந்துபோனார். 1856-ல் அலங்கார இலக்கணம் பற்றி அவர் வெளியிட்ட பெரிய வண்ண நூலில் இந்திய வடிவங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். அந்த நூல் இன்றும் டிசைன் மாணவர்களின் பாடம். ஓவன் ஜோன்ஸ் என்ற பெயர் நிற்கிறது. அவரை அசத்தியவர்கள் ‘இந்தியா’ என்ற ஒரே சொல்லில் கரைந்துபோனார்கள்.

நூறு வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே கதை. அமெரிக்க டிசைனர் அலெக்சாண்டர் ஜிரார்ட், 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த இந்திய ஜவுளி, அலங்காரக் கலைக் கண்காட்சியை வடிவமைத்தார். வண்ணமும் விளையாட்டும் நிறைந்த வீட்டு அலங்காரம் என்றால் மேற்கில் முதலில் சொல்லும் பெயர்களில் அவர் ஒருவர். உலகமெங்கும் சேகரித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புறப் பொம்மைகளையும் பொருள்களையும் 1978-ல் சான்டா ஃபேயில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1982-ல் திறந்த அந்தப் பிரிவில் அவரே பொம்மைகளை ஊராக, சந்தையாக, ஊர்வலமாக அடுக்கி வைத்தார். அந்தப் புகைப்படங்களை முதல்முறை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். அட, இது நம்ம கொலு!

கொலுவின் டிசைனர்

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். வருடத்தில் ஒன்பது நாள் எங்கள் உத்தர வீதி வீட்டுக் கூடம் அடையாளம் தெரியாமல் மாறும். ஒற்றைப்படையில் படிகள், வெள்ளை வேட்டி, மேலே கலசம், மரப்பாச்சி ஜோடி, தசாவதார செட், அரிசி பருப்போடு கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் ஆச்சியும். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உண்டு. வித்தியாசம் கீழே தரையில், பார்க்கில். பாட்டி பத்து நாள் முன்னாடியே கேழ்வரகும் கடுகும் முளை போடுவாள். அதுதான் வயல். உடைந்த முகக்கண்ணாடி காவிரி. செங்கல் ஜல்லியும் களிமண்ணும் மலைக்கோட்டை. அதன் உச்சியில் சுண்டு விரல் அளவு பிள்ளையார், அடியில் பிளாஸ்டிக் பஸ், பஸ்ஸுக்குப் பக்கத்தில் பஸ்ஸைவிடப் பெரிய வாத்து. ‘வாத்து ஏன் பாட்டி இவ்ளோ பெருசு?’ என்று கேட்டால், ‘அதுக்கு என்னடா, அது பஸ்ஸுக்கு வழி விடறது’ என்பாள்.

முகக்கண்ணாடியைக் காவிரி என்று முடிவு செய்வதும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்ப்பதும் ஜிரார்ட் செய்த அதே வேலை. ஊரில் யாரும் பாட்டியை டிசைனர் என்று சொன்னதில்லை. ‘அவா ஆத்துல கொலு நன்னாருக்கும்’ என்றார்கள். ‘அவா ஆம்’ என்று வீட்டுக்குப் பெயர் போனது.

பாட்டி போன பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது ஒரு விஷயம் கவனித்தேன். ஒவ்வொரு பொம்மையும் பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. சில தாள்கள் 1970-களைச் சேர்ந்தவை, மாற்றவே இல்லை. அதனால் எந்தப் பொம்மை எந்த வருடத்துக்கு முன் வீட்டுக்கு வந்தது என்று ஓரளவு சொல்ல முடிகிறது. எந்த ஊர் மண் என்றுகூட, வேலைப்பாட்டை வைத்துத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்: இது பண்ருட்டி, இது விளாச்சேரி. ஆண்டு கிடைத்துவிட்டது, ஊர் கிடைத்துவிட்டது. செய்தவர் பெயர்? தெரியவில்லை. லண்டன் பட்டியலில் பார்த்த அதே மூன்று வரி, எங்கள் பரணிலும்!

அருங்காட்சியகத்தைக் குறை சொல்வது சுலபம். நானும் நாற்பது வருடமாக அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். பொம்மை வாங்கினேன், பேரம் பேசினேன், செய்தவர் எதிரில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோதும் பெயர் கேட்கவில்லை.

போன வருடத்திலிருந்து ஒரு சின்னப் பழக்கம் தொடங்கியிருக்கிறேன். பொம்மை வாங்கும்போது செய்தவர் யார் என்று கேட்கிறேன். கடைக்காரருக்குப் பல நேரம் தெரிவதில்லை, தெரிந்தால் சொல்கிறார். ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதிப் பொம்மையோடு சேர்த்துச் சுற்றி வைக்கிறேன். பேனா வேண்டாம், மை ஈரத்தில் ஊறிப் பொம்மையில் ஒட்டும். பார்க் அமைத்தவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பாட்டி பெயர்தான் முதல் வரியில்.

உங்கள் வீட்டில் பழைய கண்ணாடிப் படமோ, பலகைப் படமோ, நெட்டிக் கோபுரமோ இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். யார் செய்தது, எந்தத் தெரு, எவ்வளவு கொடுத்தோம். அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறவரைதான் அந்தப் பெயர் உயிரோடு இருக்கும். திருச்சி மைக்கா ஓவியர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. பாக்கி இருப்பவர்களுக்கு இன்னும் போகவில்லை.